நூற்றுப் பதினேழாம் தாள்

அத்தியாயம் 9

நடீன் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். மடித்தபோது சரசரவென்று சத்தம் வந்தது. வானொலி நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கணவனுக்கு அது கேட்காது. இந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் நின்ற டிவி நிருபருக்குக் கேட்டிருக்கும்.

கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பார்த்திருக்கக் கூடாது.

"மேடம், பையில என்ன வச்சீங்க?"

பார்த்திருக்கிறாள்.

"பொம்பளைங்க சமாச்சாரம்மா," என்றாள் நடீன்.

கேமராக்காரன் சட்டென்று கூரையைப் பார்த்தான். நிருபர் மரிசா மட்டும் நடீனின் நரைத்த தலையைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அந்தப் பதில் எடுபடாது என்பது, சொன்ன பிறகுதான் நடீனுக்கு உறைத்தது.

சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் கணவன் ஓர்வில் ஸ்டீகலின் குரல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நூற்றுப் பதினாறாம் தாள். பதினோராவது வரி. லூதர் பிக்கெட், மில் ரோடு. லூதர், நேத்து உன்கிட்ட தக்காளி வாங்கினேன். ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா நீ. பன்னிரண்டாவது வரி..."

ஆறு நாட்களாக ஹேஸ்லிட் கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தில் எல்லாச் சமையலறையிலும் இதே குரல்தான். எழுபத்தெட்டு வருடங்களாக அந்தக் கவுண்டியில் மதுக்கடை கிடையாது. திறக்கலாமா வேண்டாமா என்று நவம்பரில் ஓட்டெடுக்கச் சொல்லி ஒரு மனு போயிருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் கையெழுத்து. தாளுக்குப் பதினைந்து பெயர். யார் கேட்டாலும் அந்தத் தாள்களுக்குப் பிரதி கொடுக்கவேண்டும் என்பது ஆர்கன்சா மாநிலச் சட்டம். ஓர்வில் கேட்டான். கலரிலேயே நகலெடுத்துக் கொடுத்தார்கள். இப்போது காலை நிகழ்ச்சியில், நாளுக்கு இருபது தாள் வீதம், ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தான்.

மே மாதம் மனு சுற்றுக்கு வந்த முதல் நாளே மைக்கில் சொல்லியிருந்தான்: "கையெழுத்துப் போடுறவங்க போடுங்க. உங்க உரிமை. ஆனா நான் படிப்பேன். ஒரு பேர் விடமாட்டேன். என்னைப் பெத்தவ பேரா இருந்தாலும் படிப்பேன். தன் பேருக்குப் பக்கத்துல நிக்க வெக்கப்படுறவன் பேனாவை எடுக்கக் கூடாது."

சொன்னால் சொன்னதுதான். பிடித்த மீனின் அளவைக்கூட ஒரு அங்குலம் கூட்டிச் சொல்லாத மனிதன். முப்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் நடீன் அவன் வாயிலிருந்து ஒரு பொய் கேட்டதில்லை. அதுதான் அவளுக்குப் பெருமை. இன்றைக்கு அதுதான் பயம்.

தாள்களை நான்கு நான்காக அடுக்கி, விளம்பரம் ஓடும்போது உள்ளே கொண்டுபோய் வைப்பது நடீனின் வேலை. அடுத்த நான்கில் முதல் தாள் நூற்றுப் பதினேழு. அதன் ஒன்பதாவது வரியில், நீல மையில்:

வெஸ்லி லாக்ரிட்ஜ், 277 சர்ச் தெரு.

அவளுடைய மருமகன். ஒரே மகள் தபிதாவின் கணவன். அதைவிட முக்கியம், அவர்கள் சபையின் பாஸ்டர்.

மது விற்பதில்லை, குடிப்பதில்லை, அதற்குத் துணைபோவதில்லை என்று எழுதிய சபை உடன்படிக்கை, ஆலயத்தின் நுழைவாயிலிலேயே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பாஸ்டரின் பெயர் இந்தப் பட்டியலில் வந்தால் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு முன்னாலேயே சபையை நிர்வகிக்கும் ஏழு டீக்கன்மாரும் கூடி அவனை நீக்கிவிடுவார்கள். ஏழில் ஒருவன் ஓர்வில். முப்பது நாளில், பாஸ்டருக்கென்று கொடுத்த சபை வீட்டைக் காலி செய்யவேண்டும். அந்த வீடு நடீனின் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தபிதா துணி காயப்போடுவது தெரியும்.

விளம்பரம் தொடங்கியது. கோழித் தீவனம். நடீன் மீதி மூன்று தாள்களையும் காப்பிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கை ஏன் நடுங்குது?" என்றான் ஓர்வில்.

"ஏசி."

"ஏசி வேலை செஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே!"

அவள் காப்பியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. தாளை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பேசுவது ஓர்விலின் வழக்கம்.

"நண்பர்களே, இன்னிக்கு லிட்டில் ராக்லேருந்து டிவிக்காரங்க வந்திருக்காங்க. வாங்க, வாங்க. போன வருஷம் வெள்ளத்துல நம்ம பாலம் போச்சு, அப்ப இவங்க வேனுக்கு வழி தெரியல. இன்னிக்கு ஒரு கிழவன் பேர் படிக்கிறான்னதும் வழி தெரிஞ்சுடுச்சு. ராத்திரி செய்தியில நம்மளைக் காட்டுவாங்க. காட்டுமிராண்டின்னு சொல்லமாட்டாங்க. சொல்ற மாதிரி ஒரு முகம் வச்சுப்பாங்க."

மரிசா சிரித்துவிட்டாள். ஆனால் அவள் கண் நடீனின் கைப்பையை விட்டு நகரவில்லை.

"நம்ம கட்சிக்காரனையும் சொல்லாம விடமாட்டேன். தேர்தல் வந்தா நம்ம சபையில முன்பெஞ்சுல வந்து உக்காருறான். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிக்கிறான். நாமளும் அவனுக்கே ஓட்டுப் போடுறோம். ஏன்னா இன்னொருத்தன் பாட்டுப் புத்தகமே வேண்டாங்குறான். இதுதான் நம்ம நிலைமை. கடைக்குப் போனா பில் போட ஆள் கிடையாது, மெஷின்கிட்ட தேங்க்யூ வாங்கிட்டு வர்றோம். சாப்பாட்டு மேஜையில ஆளுக்கொரு ஃபோன். ஜெபம் பண்ணக் கை கோத்துக்கலாம்னா ஒருத்தன் கையும் காலியா இல்ல. இதெல்லாம் போதாதுன்னு தெருமுனையில சாராயக்கடை வேற."

காப்பியை ஒரு வாய் குடித்தான்.

"நான் பன்னிரண்டு வயசுல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். எங்கப்பாவைக் கவுண்டி எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சாராயக்கடையிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர. பிரேக் எட்டாது. மரக்கட்டை கட்டி ஓட்டுவேன். யாரையும் அவமானப்படுத்த நான் படிக்கல. நாளைக்கு ஒரு பையன் கட்டை கட்டி ஓட்டும்போது, எந்தெந்தக் கை அதுக்குக் கையெழுத்துப் போட்டதுன்னு ஊருக்குத் தெரியணும். சரி. அடுத்த தாள்."

சரசரப்பு.

"நூற்றுப் பதினெட்டு..."

மறுபடி சரசரப்பு. ஓர்வில் தாள்களைப் புரட்டினான். கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். அவள் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அது உண்மையாகவே அடித்தது நல்லதாகப் போயிற்று.

"யூலா மே பேசுறேன். பிரதர் ஓர்விலைக் குடு நடீன்."

அழைப்பை உள்ளே தள்ளிவிட்டு நடீன் எழுந்தாள்.

"பிரதர் ஓர்வில், முந்தாநேத்து என் பேரைப் படிச்சுட்டீங்க."

"படிச்சேன் மேடம்."

"கிறிஸ்துமஸ் கேக்குல ஊத்தத்தான் கையெழுத்துப் போட்டேன். நாப்பது மைல் போகவேண்டியிருக்கு, என் முட்டி ஒத்துக்கல."

"வருஷத்துக்கு எத்தனை கேக் மேடம்?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும்."

இந்தப் பேச்சு முடிவதற்குள் நடீன் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

அந்த வானொலி நிலையம் உழவுச் சாமான் கடையின் பின்கட்டில் மூன்றே அறை. ஒரே வாசல், அந்த வாசலில் கேமரா. கழிப்பறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, பூனை போகலாம். ஒரு நிமிடம்கூட ஒலிபரப்பைத் தவறவிடக் கூடாது என்று ஓர்வில் அங்கேயும் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்திருந்தான். ஆக, அங்கே போனாலும் அவன் இருந்தான்.

நடீன் செல்லில் மருமகனை அழைத்தாள்.

"மிஸ் நடீன்?" மாமியாரை அப்படித்தான் அவன் கூப்பிடுவான், பத்து வயதில் அவள் ஞாயிறு வகுப்பில் வந்து உட்கார்ந்த அநாதைப் பையன். ஓர்வில்தான் கூட்டி வந்து வளர்த்தான், வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பினான், பெண்ணையும் கொடுத்தான். "ரேடியோ கேட்டுட்டிருக்கேன். ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க?"

"வெஸ்லி, ஒண்ணு கேப்பேன். ஆமா, இல்ல, அவ்வளவுதான். அந்த மனுவுல நீ கையெழுத்துப் போட்டியா?"

"எந்த மனு? சாராய மனுவா?" அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இல்ல மிஸ் நடீன். நான் ஏன் போடப்போறேன்?"

"சத்தியமா?"

"எனக்கு நீங்கதானே சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தீங்க. இல்லன்னா இல்லதான். என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தபிதா எங்க?"

"கிளம்பிப் போயிட்டா. நூத்திப் பதினாறுன்னு மாமா சொன்னதும் கார்ச் சாவியை எடுத்துட்டுப் போனா. எங்கன்னு சொல்லல."

நடீன் செல்லை அணைத்தாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து, முழங்காலில் விரித்து, இந்த முறை கையெழுத்தைப் பார்த்தாள்.

277. ஒவ்வோர் ஏழின் நடுவிலும் குறுக்காக ஒரு சின்னக் கோடு.

தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

பதினேழு வயதில் சபை ஊழியக் குழுவோடு கோடை விடுமுறைக்கு ருமேனியா போய்வந்தாள் தபிதா. அங்கிருந்து ஒரு மரச் சிலுவையும், ஏழுக்குக் குறுக்குக் கோடு போடும் பழக்கமும் கொண்டுவந்தாள். அந்தக் கவுண்டியில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை. "அமெரிக்க ஏழுக்கு பெல்ட் தேவையில்லம்மா, தானா நிக்கும்," என்று ஓர்வில் பன்னிரண்டு வருடமாகக் கேலி செய்கிறான். பிறந்தநாள் அட்டையில்கூட "என் பெல்ட் போட்ட ஏழுக்கு" என்றுதான் எழுதுவான்.

இந்தத் தாளைப் பார்த்த மறுகணமே அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஒலிபெருக்கி பேசியது. "நண்பர்களே, ஒரு தாள் குறையுது. நூற்றுப் பதினேழு. ஒரு பேர் விடமாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், ஒரு தாளையே விட்டா நான் என்ன மனுஷன்? ஒன்பது மணிக்குள்ள அது இந்த மைக்ல வரும். இப்ப ஒரு பழைய பிரசங்கம் கேளுங்க. நான் போய்த் தேடுறேன்."

பிரசங்க நாடா ஓட ஆரம்பித்தது. அதே நேரம் கதவு தட்டப்பட்டது.

"ஆள் இருக்கு!"

"நான்தாம்மா."

நடீன் தாழ்ப்பாளை நீக்கி மகளை உள்ளே இழுத்து மறுபடி போட்டாள். இரண்டு பேர் நிற்க இடமில்லாத இடம். தபிதாவின் முகத்தில் அழுகை இல்லை, பதற்றம் இல்லை. தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்திருந்தாள்.

"உன்கிட்டதான் இருக்குமுன்னு நெனச்சேன்," என்றாள் தாயின் கையில் இருந்த தாளைப் பார்த்து.

"என்னடி பண்ணி வச்சிருக்கே? உன் புருஷன் பேரை நீ ஏன் எழுதினே?"

"பெட்ரோல் பங்க்ல பலகையோட வச்சிருந்தாங்க. மேல நூத்திப் பதினேழுன்னு போட்டிருந்தது. பக்கத்துல யாரும் இல்ல. பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க."

"பேனா இருந்தா எழுதிடறதா? அவன் வேலை போயிடும். வீடு போயிடும். இன்னொருத்தர் பேரை எழுதறது குத்தம் வேற. இந்தா, கிழிச்சுப் போட்டுத் தண்ணி விட்டுடலாம்."

"கிழிக்காதே." தபிதா தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட குடு. படிக்கட்டும்."

"உனக்குப் பைத்தியமா?"

"ஒன்பது புதன்கிழமையா ஜெபக் கூட்டத்துல கை தூக்கினேனே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்மா."

புதன்கிழமைக் கூட்டத்தில் ஜெப விண்ணப்பங்களை வரிசையாகக் கேட்பார்கள். ஒருவருக்கு இடுப்பு அறுவை, ஒருவருக்கு மகன் வேலை. வெளியே சொல்ல முடியாத விண்ணப்பம் உள்ளவர்கள் கையை மட்டும் தூக்கினால் போதும். "சொல்லாதது ஒன்று" என்று குறித்துக்கொள்வார்கள். என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்கமாட்டார்கள், ஊகிப்பார்கள். தபிதாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பெண்கள் எல்லோரும் ஊகித்துவிட்டார்கள். நடீன் மஞ்சள் நூலில் ஒரு சின்னத் தொப்பி பின்னி அலமாரியில் மறைத்தே வைத்திருந்தாள்.

"அது குழந்தைக்குன்னு..."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

தபிதா லேசாகச் சிரித்தாள். "பாஸ்டர் பொண்டாட்டி கையைத் தூக்கினா குழந்தைதான் கேப்பா. இல்ல?"

"அப்ப என்ன கேட்டே? சொல்லு."

"சொல்லமாட்டேன். சொன்னா நீ அந்தத் தாளைக் குடுக்க மாட்டே."

வெளியே பூட்ஸ் சத்தம். ஓர்வில்.

"நடீன்? வண்டியிலயும் இல்ல. உன் மேஜையிலயும் இல்ல. உள்ள என்ன பண்றே?"

நடீன் தாளைத் திரும்ப மடித்துப் பைக்குள் போட்டாள். கதவைத் திறந்தாள். கேமராவின் விளக்கு நேராக முகத்தில் அடித்தது. ஓர்வில் மனைவியையும், அவளுக்குப் பின்னால் மகளையும் பார்த்து விழித்தான்.

"ரெண்டு பேரும் உள்ள என்ன, ஜெபக் கூட்டமா?"

"மிஸ்டர் ஸ்டீகல்," என்றாள் மரிசா. குரல் மிக மரியாதையாக இருந்தது. "உங்க மனைவி ஒரு தாளை மடிச்சுக் கைப்பையில வச்சதை நான் பார்த்தேன். அதுதான் காணாமப்போன தாளான்னு அவங்களைக் கேக்கலாமா?"

கேமராக்காரன் கேமராவை நடீனின் கைப்பைக்குத் திருப்பினான்.

ஓர்வில் நிருபரைப் பார்த்தான். "இந்தாம்மா, முப்பத்து நாலு வருஷமா என் வீட்டுல எதை எங்க மடிச்சு வைக்கணும்னு என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அவ மடிச்சு வச்சா ஒரு காரணம் இருக்கும்." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். "இருக்கா நடீன்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நம்புவான். கேமரா முன்னால் நம்புவான், ஊர் முன்னால் நம்புவான். அந்த நம்பிக்கைதான் அவள் நாக்கைக் கட்டியது. பின்னால் நின்ற மகளின் மூச்சு கழுத்தில் சுட்டது.

நடீன் பையைத் திறந்து தாளை நீட்டினாள்.

அவன் பிரித்துப் பார்க்கவில்லை. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "யாரு?" என்றான்.

அவள் கேமராவைக் கண்ணால் காட்டினாள்.

"சரி. மைக்ல பாத்துக்கிறேன்," என்று உள்ளே போனான்.

எட்டு ஐம்பத்தொன்று. சிவப்பு விளக்கு எரிந்தது. கேமராக்காரன் கண்ணாடியோடு ஒட்டி நின்றான். நடீன் தன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். தபிதா அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"நூற்றுப் பதினேழாம் தாள் கிடைச்சுடுச்சு நண்பர்களே. என் மனைவி கையில இருந்தது. முதல் வரி. டெல்பர்ட் ஹைன்ஸ், ரயில் தெரு."

இரண்டு. மூன்று. நான்காவது வரியில் இருந்தவன் ஓர்விலின் மீன்பிடி நண்பன். அதையும் குரல் மாறாமல் படித்தான். ஐந்து. ஆறு. ஏழு.

"எட்டாவது வரி. வனிட்டா குரோ, மில் ரோடு."

விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. நின்றது.

வானொலியில் மூன்று நொடி மௌனம் வந்தால் கேட்பவர்கள் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். ஐந்து நொடி ஆயிற்று. ஓர்விலின் விரல் பெயரைத் தாண்டி வீட்டு எண்ணுக்குப் போனது. அங்கே, ஏழின் இடுப்பில், அந்தச் சின்னக் கோட்டின் மேல், விரல் மெதுவாகத் தேய்த்தது. அழுக்கென்று நினைத்துத் துடைத்துப் பார்ப்பதுபோல.

பத்து நொடி.

அவன் நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். நடீனை அல்ல. மகளை. தபிதா அசையவில்லை. படியுங்கள் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஓர்வில் மைக்கை நெருங்கினான்.

"ஒன்பதாவது வரி," என்றான். "ஓர்வில் ஸ்டீகல். 261 சர்ச் தெரு."

நடீனின் கை மேஜையிலிருந்து நழுவியது.

"ஆமா. சரியாத்தான் கேட்டீங்க. நான்தான். ஏன், எதுக்குன்னு இப்ப கேக்காதீங்க. புதன்கிழமை டீக்கன்மார் கேப்பாங்க, அங்க சொல்லிக்கிறேன். ஒரு பேர் விடமாட்டேன்னு சொன்னேன். விடல." தாளைக் கிட்டே கொண்டுபோனான். "பத்தாவது வரி. ஹோமர் பீல்..."

வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய். அதைக் கவுண்டியில் பாதிப் பேர் கேட்க, வானொலியில் சொல்லியிருந்தான்.

தொலைபேசியின் ஆறு விளக்குகளும் ஒரே நேரத்தில் மின்ன ஆரம்பித்தன. நடீன் ஒன்றையும் தொடவில்லை. தப்பித்தாயிற்று. வெஸ்லியின் பிரசங்க பீடம் தப்பித்தது. நாலு வீடு தள்ளி அந்தத் துணிக்கொடி தப்பித்தது. கண்ணில் நீர் முட்டியது.

"கேட்டியா?" மரிசா கேமராக்காரனின் தோளை உலுக்கினாள். குரலைத் தாழ்த்தப் பார்த்தாள், முடியவில்லை. "கோர்ட் ஹவுஸ்ல மூலத் தாள் இருக்கு. இவர் கையெழுத்தைப் படம் பிடிக்கணும். ராத்திரிச் செய்திக்கு அதுதான் முதல் காட்சி. பத்தே நிமிஷம். ஓடு."

அவர்கள் வாசலைத் தாண்டிப் போவதை நடீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூலத் தாள். ஒன்பதாவது வரி. நீல மை. இந்தப் பொய்க்கு ஆயுள் பத்து நிமிடம்தான் என்பது அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"தபிதா, ஓடு, நம்ம வண்டியை எடு. கோர்ட் ஹவுஸ் கிளார்க் என்கூடப் படிச்சவதான், நான் ஃபோன் பண்ணிக் கேக்குறேன்... அப்பா காப்பாத்திட்டாருடி. உன்னைக் காப்பாத்த என்ன பண்ணியிருக்காரு பாத்தியா!"

கை சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தாள்.

தபிதா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏண்டி? எல்லாம் சரியாத்தானே..."

"எனக்கு இருந்தது ஒரே கதவும்மா. அப்பா அதையும் சாத்திட்டாரு."

"என்ன கதவு?"

"மார்ச் மாசம், வடக்கே ரொம்பத் தூரத்துல மொன்டானாவுல ஒரு சபை வெஸ்லியைப் பாஸ்டரா வரச்சொல்லிக் கூப்பிட்டாங்க. சின்னச் சபை. அறுபது பேர். வெஸ்லி அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழ வச்சுப் படுத்தான். அப்பாகிட்ட போய்க் கேட்டான். அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'ஆண்டவர் எனக்கு ஒண்ணும் சொல்லலையே தம்பி'ன்னாரு. அவ்வளவுதான். வளர்த்தவர் வாயிலேருந்து வந்த பிறகு வெஸ்லி அந்தப் பேச்சையே எடுக்கல. கடிதத்தை வேதாகமத்துக்குள்ள வச்சு மூடிட்டான்."

மார்ச்சில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டில், ஓர்வில் அதைச் சொன்னது நடீனுக்கு ஞாபகம் வந்தது. பையன் கொஞ்சம் தடுமாறினான், நான் நிறுத்தி வச்சிருக்கேன் என்றான். அவள்தான் சோளரொட்டியை அவன் தட்டில் வைத்து, நல்ல காரியம் பண்ணினே என்று சொன்னாள்.

"துணி காயப்போட்டா நீ ஜன்னல்ல நிக்கிறே. காரை எடுத்தா யாராவது ரேடியோவுக்கு ஃபோன் பண்ணி, 'பிரதர், உங்க பொண்ணு இந்தப் பக்கம் போறா'ங்குறாங்க. பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டா அங்கயும் அப்பா பேசுறாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாங்களாப் போக முடியாதும்மா. விரட்டினாத்தான் போகமுடியும். மே மாசம் அப்பா மைக்ல சொன்னாரு, பெத்தவ பேரா இருந்தாலும் படிப்பேன்னு. அன்னிக்குத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது. உலகத்துலயே பொய் சொல்லாத ஆளுன்னு அவரை நம்பி எழுதினேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர்வில் பதினைந்தாவது வரியைப் படித்து முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்தான். மகள் தரையில் இருப்பது அவன் இருந்த இடத்திலிருந்து தெரியாது. மனைவியைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நடீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புதன்கிழமைகளில் இருவரும் முழங்காலிடும் அதே உயரம்.

"அப்ப நீ கை தூக்கினது..."

"எங்க ரெண்டு பேரையும் இந்த ஊரை விட்டுத் துரத்திவிடு ஆண்டவரேன்னுதான்." தபிதா தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒன்பது வாரமா அதைத்தான் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எல்லாரையும்விட சத்தமா ஆமென் சொன்னது நீதாம்மா."